காலியிடம் நிரம்பினால் கான்ஸ்டபிளுக்கு வார விடுமுறை கிடைத்துவிடுமா?

டெல்லி முனிர்க்காவில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய தம்பி டெல்லி போலீஸில் கான்ஸ்டபிள். வயது 29, பணியில் சேர்ந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் அதுவே அதிசயம். இந்த ஆண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போகக் கேட்ட விடுப்பைக் குடியரசு தின ஏற்பாடுகளைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். பதவி உயர்வும் இன்னும் வரவில்லை. 'டெல்லி போலீஸில் காலியிடங்கள் விரைவில் நிரப்பப்படும்' என்று நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை பிறக்கிறதாம். 'நிரப்பிவிட்டால் என் தம்பிக்கு வாரம் ஒரு நாளாவது ஓய்வு கிடைக்குமா? போலீஸ் சீர்திருத்தம் என்று இத்தனை ஆண்டுகளாகப் பேசுகிறார்களே, அதில் அவனுக்கு என்ன இருக்கிறது?' என்று கேட்கிறார்.

சகோதரி காலியிடத்தைப் பற்றிக் கேட்பதுபோல் தோன்றினாலும், அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. தம்பியின் களைப்புக்குக் காரணம் ஆள் போதாமையா, அல்லது இருக்கிற ஆளை நடத்தும் முறையா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் போதாமை உண்மைதான், நிரப்பினால் ஓரளவு மூச்சு விடலாம். ஆனால் வார விடுமுறை அதனால் மட்டும் வராது. ஒரு கான்ஸ்டபிளின் நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் செலவழிக்கும் பழக்கம் அந்த அமைப்பில் ஊறிப்போயிருக்கிறது. அந்தப் பழக்கம் மாறாதவரை, புதிதாக வரும் ஆயிரம் பேரையும் அது விழுங்கிவிடும்.

நான் மத்திய அரசுப் பணியில் பெரும்பகுதியைக் காவல் படைகளின் பணியாளர் கோப்புகளோடு கழித்து ஓய்வு பெற்றவன். பணியிட ஒப்புதல், ஆள்சேர்ப்பு விதிகள், பதவி உயர்வு, தண்டனை மீதான மேல்முறையீடு ஆகியவைதான் என் மேசைக்கு வந்தவை. சீருடை அணிந்ததில்லை. ஒரு வழக்கை எப்படித் துப்புத் துலக்குவது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆட்களைப் பற்றிய கணக்கு மட்டும் நன்றாகத் தெரியும். அந்த எல்லைக்குள் நின்று எழுதுகிறேன்.

டெல்லி போலீஸ் மாநில அரசின் கையில் இல்லை, மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. 1978-ஆம் ஆண்டு டெல்லி போலீஸ் சட்டமும், 1980-இல் வகுத்த ஆள்சேர்ப்பு, பதவி உயர்வு, தண்டனை விதிகளும்தான் இன்றும் அதன் அடித்தளம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 80 ஆயிரத்துக்கு மேல். புதிய பணியிடம் ஒன்று வேண்டுமென்றால் நிதித்துறையின் சம்மதம் வரை கோப்பு போய் வர வேண்டும். இருக்கிற பணியிடத்தை நிரப்பவும் நீண்ட வழிதான். பணியாளர் தேர்வாணையம் அறிவிக்கை வெளியிட்டு, கணினி வழித் தேர்வு நடத்தி, பிறகு ஓட்டமும் உயரமும் பார்த்து, மருத்துவச் சோதனையும் காவல் சரிபார்ப்பும் முடிந்து, ஜரோடா கலானிலோ வஜீராபாத்திலோ பயிற்சி முடித்து ஒருவர் காவல் நிலைய வாசலில் கால் வைப்பதற்குள் காலம் ஓடிவிடும். அதற்குள் மூத்தவர்கள் ஓய்வு பெறுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் கெட்டிக்காரர்கள் வேறு தேர்வு எழுதி வருமான வரித்துறைக்கோ ரயில்வேக்கோ போய்விடுகிறார்கள். ஆகவே எந்த நாளில் எண்ணிப் பார்த்தாலும் ஒரு பகுதி காலியாகத்தான் இருக்கும். இது எந்தப் பெரிய படையிலும் இயல்பு. அந்த இயல்பைச் சேர்த்துக் கணக்குப் போடாமல் பணியிடங்களை நிர்ணயித்ததுதான் தவறு.

கணக்கு என்று சொன்னதால் ஒன்றைப் போட்டே காட்டுகிறேன். காவல் நிலைய வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சந்த்ரி என்பார்கள். 24 மணி நேரமும் அந்த இடத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அதற்கு எத்தனை பேர் தேவை? 8 மணி நேரம் வீதம் 3 பேர் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த 3 பேருக்கும் ஆண்டுக்கு 52 வார விடுமுறை கொடுக்க வேண்டும். ஈட்டிய விடுப்பு 30 நாள், தற்செயல் விடுப்பு, அரசு விடுமுறைகள், காய்ச்சல் தலைவலி, பயிற்சி, நீதிமன்றத்தில் சாட்சி எல்லாம் போனால், ஒருவர் ஆண்டில் உண்மையாகப் பணிக்குக் கிடைப்பது 245 நாட்களைச் சுற்றித்தான். 365-ஐ 245-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ நாலரை பேர் வருகிறது. வாசலில் நிற்கும் ஒரே ஒருவருக்கு நாலரை பேர்! டியூட்டி ஆபீசர் மேசைக்கும் அதே கணக்கு. வயர்லெஸ், ரோந்து வண்டி, லாக்கப் காவல் எல்லாவற்றுக்கும் அதே கணக்கு. ஒப்புதல் கொடுக்கும்போது இந்த நாலரையை 3 என்றோ 2 என்றோ எழுதினால், மிச்ச ஒன்றரையோ இரண்டரையோ எங்கிருந்து வரும்? உங்கள் தம்பியின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் வரும்.

இது என் சொந்த ஊகம் இல்லை. போலீஸ் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியகம் கேட்டுக்கொண்டபடி ஐதராபாத்தில் உள்ள இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி 2014-இல் நாடு தழுவிய ஆய்வு ஒன்றை முடித்துக் கொடுத்தது. காவல் நிலையங்களில் 8 மணி நேரப் பணிமுறை கொண்டுவர எத்தனை பேர் தேவை என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. நிலையப் பணியாளர்களில் சுமார் 90 சதவீதம் பேர் 8 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிறார்கள், நான்கில் மூன்று பங்கினருக்கு மாதத்தில் ஒரு வார விடுமுறைகூடக் கிடைப்பதில்லை என்று அதில் தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையை 1.68-ஆல் பெருக்கினால்தான் ஷிப்டு முறை சாத்தியம் என்று முடித்தார்கள். இந்த இடத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையே போதாது என்கிறது அந்த ஆய்வு. காலியிடம் என்பது அந்த எண்ணிக்கைக்கும் கீழே உள்ள பள்ளம். பள்ளத்தை முழுதாக மூடினாலும் நாம் வந்து சேர்வது போதாத தரைக்குத்தான். 2019-இல் காமன் காஸ் என்ற தன்னார்வ அமைப்பும் லோக்நீதி என்ற ஆய்வுக் குழுவும் 21 மாநிலங்களில் காவலர்களையே நேரில் கேட்டு வெளியிட்ட அறிக்கையும் இதே பக்கம்தான் நிற்கிறது. ஒரு காவலர் நாளொன்றுக்குச் சராசரியாக 14 மணி நேரம் வேலை செய்கிறார், இருவரில் ஒருவருக்கு வார விடுமுறையே இல்லை என்றது அது.

ஆனால் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். டெல்லியின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் சிட்டா முன்ஷி என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ஹெட் கான்ஸ்டபிள். நாளை யாருக்கு எங்கே டியூட்டி என்று எழுதுவது அவர் வேலை. உங்கள் தம்பியிடம் கேட்டுப் பாருங்கள், இன்ஸ்பெக்டரைவிட இவர் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருப்பார். அவர் கையில் இருக்கும் பட்டியலை ஒரு மாதிரிக்காக எடுத்துக்கொள்வோம். காகிதத்தில் 100 பேர் என்று வைத்தால், காலியிடம் போக ஒரு பகுதி முதலிலேயே இல்லை. சிலர் விடுப்பில், சிலர் பயிற்சியில். பெயர் இங்கே இருக்க, ஆள் வேறு அலுவலகத்தில் 'இணைக்கப்பட்டு' இருப்பவர்கள் சிலர். சம்பளம் இந்த நிலையத்தின் கணக்கில் போகும், உழைப்பு வேறு எங்கோ போகும். நீதிமன்றத்தில் நிற்கும் நாயப் கோர்ட், பறிமுதல் பொருள் வைக்கும் மால்கானா, கணினி அறை, சம்மன் கொடுப்பவர், ஓட்டுநர், மேலதிகாரியின் கோப்புகளைப் பார்க்கும் ரீடர் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், பீட்டுக்கும், அதாவது ஒதுக்கப்பட்ட பகுதியைச் சுற்றிப் பார்க்கும் பணிக்கும், ரோந்துக்கும் மிஞ்சுவது பாதிக்கும் கீழே. அந்த நேரத்தில் மாவட்டத் தலைமையிலிருந்து செய்தி வரும்: நாளை காலை 5 மணிக்கு போராட்டங்கள் நடக்கும் ஜந்தர் மந்தரில் 'அரேஞ்ச்மென்ட்', அதாவது பந்தோபஸ்து, 15 பேரை அனுப்புக. முன்ஷி என்ன செய்வார்? இரவு ரோந்து முடித்து 2 மணிக்கு வந்து பாரக்கில் படுத்தவனை 4 மணிக்கு எழுப்புவார். ரோஸ்நாம்சா என்ற நிலைய நாட்குறிப்பில் அவன் ரவானகி, அதாவது நிலையத்திலிருந்து புறப்பட்ட நேரம், பதிவாகும். திரும்பிய நேரமும் பதிவாகும். இரண்டுக்கும் நடுவே எத்தனை மணி நேரம், முந்தைய பணிக்கும் இதற்கும் இடையே எவ்வளவு ஓய்வு என்று கூட்டிப் பார்க்கும் வேலை மட்டும் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை.

என் கருத்தில் விஷயத்தின் கரு இங்கேதான் இருக்கிறது. 1861-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம் 'காவலர் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார்' என்றது. டெல்லிச் சட்டமும் விடுப்பிலோ இடைநீக்கத்திலோ இல்லாத எல்லோரையும் அப்படியே கருதுகிறது. நள்ளிரவில் திருடனைக் கண்டால் 'நான் டியூட்டியில் இல்லை' என்று காவலர் நழுவக் கூடாது என்பதற்கு அந்த விதி நியாயமானது. ஆனால் நிர்வாகத்தில் அது வேறு பொருள் எடுத்துக்கொண்டது. எப்போதும் பணியில் இருப்பவனுக்குக் கூடுதல் நேரம் என்று ஒன்று கிடையாது. கூடுதல் நேரம் இல்லையென்றால் கூடுதல் நேரப் படியும் இல்லை. விடுமுறை நாட்களில் வேலை செய்வதற்கு ஈடாக ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் அதிகம் கொடுக்கிறார்கள், அத்தோடு கணக்கு முடிந்தது. 15 பேர் தேவைப்படும் இடத்துக்கு 40 பேரைக் கேட்கும் அதிகாரிக்கு அதனால் ஒரு ரூபாயும் செலவில்லை. பெட்ரோலுக்குக் கணக்கு உண்டு, தோட்டாவுக்குக் கணக்கு உண்டு. ஒரு வெற்றுத் தோட்டா உறை காணாமல் போனால் விசாரணை நடக்கும். ஒரு மனிதனின் 6 மணி நேரம் காணாமல் போனால் யாரும் கேட்பதில்லை. கேட்பவர் இல்லாத பொருளை யாரும் சிக்கனமாகச் செலவிட மாட்டார்கள்.

மாற்ற முடியாது என்று நினைக்காதீர்கள். மும்பையில் 2016-இல் தேவ்னார் காவல் நிலையத்தில் 8 மணி நேரப் பணியைச் சோதனையாகத் தொடங்கினார்கள். மான்கூர்டு, கோவண்டிப் பக்கம் வசிக்கும் நம்மவர்களுக்கு அந்த நிலையம் தெரிந்திருக்கும். யோசனையை எழுதிக் கொடுத்தவரே ஒரு கான்ஸ்டபிள்தான், அப்போதைய கமிஷனர் தத்தா பட்சல்கிகர் அதைக் கையில் எடுத்தார். அதற்காகப் பெரும் படையொன்றைப் புதிதாகச் சேர்க்கவில்லை. இருக்கிற ஆட்களை எந்த வேலைக்கு எத்தனை பேர் என்று மறுபடி எண்ணி, தேவையற்ற பணிகளைக் களைந்து ஷிப்டு பிரித்தார்கள். பிறகு நகரின் மற்ற நிலையங்களுக்கும் கொண்டுபோனார்கள். பண்டிகை, பந்தோபஸ்து நாட்களில் அந்த ஒழுங்கு குலைவதும் உண்டு. ஆனாலும் எங்கிருந்து விலகினோம் என்று அளக்க ஓர் ஒழுங்காவது இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021-இல் கான்ஸ்டபிள் முதல் ஹெட் கான்ஸ்டபிள் வரை வார விடுமுறை தர அரசு ஆணையே பிறந்தது. ஆணை முழுதாக நடைமுறையில் இருக்கிறதா என்று நீங்கள் ஊரில் உள்ள எந்தக் காவலரைக் கேட்டாலும் நிலையத்துக்கு நிலையம் வேறு பதில் வரும். ஆனால் விடுமுறை மறுக்கப்பட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம் அவர் கையில் இருக்கிறது. அது சிறிய விஷயமல்ல.

அடுத்தது பதவி உயர்வு. சகோதரியின் குரலில் இதுதான் அதிகம் வலிக்கிறது என்று நினைக்கிறேன். நாட்டின் காவல் படைகளில் ஏறத்தாழ 85 சதவீதம் கான்ஸ்டபிள், ஹெட் கான்ஸ்டபிள் நிலையில் இருப்பவர்கள். மேலே இடம் குறைவு, கீழே கூட்டம் அதிகம். எத்தனை திறமையிருந்தாலும் இந்தக் கூம்பில் எல்லோரும் ஏற முடியாது. டெல்லியில் கான்ஸ்டபிளிலிருந்து ஹெட் கான்ஸ்டபிளாக 'ஏ லிஸ்ட்' என்ற பட்டியலில் பெயர் ஏறி, லோயர் ஸ்கூல் கோர்ஸ் என்ற பயிற்சியை முடிக்க வேண்டும். பட்டியலே இடம் காலியாவதைப் பொறுத்துத்தான் நகரும். இடம் இல்லாதவர்களுக்கு ஆறுதலாக மத்திய அரசு 2008 முதல் 10, 20, 30 ஆண்டுகளில் சம்பள நிலையை மட்டும் உயர்த்தும் திட்டம் வைத்திருக்கிறது. உங்கள் தம்பி 10 ஆண்டு முடித்தால், அவர் பணிப்பதிவு சுத்தமாக இருந்தால், 21,700 ரூபாயில் தொடங்கும் 3-ஆம் நிலையிலிருந்து 25,500-இல் தொடங்கும் 4-ஆம் நிலைக்குப் போவார். சம்பளம் ஹெட் கான்ஸ்டபிளுடையது, வேலையும் சட்டையும் கான்ஸ்டபிளுடையது. வீட்டுச் செலவுக்கு அது உதவும். கையில் பட்டை ஏறாத மனக்குறையைத் தீர்க்காது.

தமிழ்நாட்டில் நீண்ட காலமாக இருந்த வழி வேறு. இரண்டாம் நிலைக் காவலர் 10 ஆண்டில் முதல் நிலை, 15 ஆண்டில் தலைமைக் காவலர், 25 ஆண்டில் சிறப்பு உதவி ஆய்வாளர். காலியிடத்துக்குக் காத்திராமல் ஆளோடு சேர்ந்து பணியிடமும் உயரும். டெல்லியிலும் சில ஆண்டுகளுக்கு முன் கான்ஸ்டபிள் பணியிடங்களில் பல ஆயிரத்தை ஹெட் கான்ஸ்டபிள் பணியிடங்களாக உயர்த்தினார்கள். அதை வெறும் சலுகை என்று பார்ப்பவர்கள் உண்டு, நான் அப்படிப் பார்க்கவில்லை. ஹெட் கான்ஸ்டபிளும், அவருக்கு மேலும் உதவி ஆய்வாளருக்குக் கீழும் உள்ள ஏ.எஸ்.ஐ.யும் சிறு வழக்குகளைப் புலனாய்வு செய்யலாம், கான்ஸ்டபிள் பொதுவாகச் செய்வதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சோதனை, பறிமுதல்களை வீடியோ எடுக்கச் சொல்கிறது. 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் போக வேண்டும் என்கிறது. புலனாய்வு அதிகாரியின் வேலை கூடிவிட்டது. காவலுக்கு நிற்கும் கைகளைவிட வழக்கு எழுதத் தெரிந்த கைகள்தான் இன்று குறைவு. 2000-இல் பத்மநாபையா குழு ஒரு உதவி ஆய்வாளருக்கு 4 கான்ஸ்டபிள் என்ற விகிதத்துக்கு இறங்க வேண்டும் என்று சொன்னதும், இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007-இல் கான்ஸ்டபிள் சேர்ப்பைப் படிப்படியாகக் குறைத்துப் பட்டதாரிகளை ஏ.எஸ்.ஐ. நிலையிலேயே எடுக்கலாம் என்று சொன்னதும் இந்தக் காரணத்துக்காகத்தான். இரண்டும் இன்னும் காகிதத்திலேயே இருக்கின்றன.

'சீர்திருத்தத்தில் தம்பிக்கு என்ன இருக்கிறது' என்ற கேள்விக்கு வருகிறேன். போலீஸ் சீர்திருத்தம் என்றால் எல்லோரும் பிரகாஷ் சிங் வழக்கைச் சொல்வார்கள். உத்தரப் பிரதேச, அசாம் போலீஸின் தலைவராகவும் எல்லைப் பாதுகாப்புப் படையின் தலைவராகவும் இருந்தவர் அவர். 1996-இல் வழக்குத் தொடுத்தார், உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22-இல் 7 கட்டளைகளைப் பிறப்பித்தது. மாநிலப் பாதுகாப்பு ஆணையம், டி.ஜி.பி.க்கும் களத்தில் உள்ள அதிகாரிகளுக்கும் குறைந்தது 2 ஆண்டுப் பதவிக்காலம், புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரித்தல், இடமாற்றங்களைப் பார்க்கப் பணியமைப்பு வாரியம், புகார் ஆணையம் என்று அவை போகின்றன. அரசியல் தலையீட்டிலிருந்து போலீஸைக் காப்பதுதான் அவற்றின் நோக்கம், அது மிகவும் தேவை. ஆனால் அந்த ஏழில் ஒன்றுகூட ஒரு கான்ஸ்டபிள் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்பதைத் தொடவில்லை. அதைத் தொட்டவர்கள் இரண்டு பேர். தர்மவீரா தலைமையில் 1977-இல் அமைந்த தேசியப் போலீஸ் ஆணையம் தன் முதல் அறிக்கையையே காவலர்களின் வாழ்க்கை நிலைக்கு ஒதுக்கியது. சோலி சோரப்ஜி குழு 2006-இல் எழுதிய மாதிரிப் போலீஸ் சட்டம் சராசரி பணி நேரம் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மிகக் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு அல்லது அதற்கு ஈடு வேண்டும் என்று எழுதியே வைத்தது. போலீஸ் மாநிலப் பட்டியலில் இருப்பதால் மற்ற இடங்களில் ஒவ்வொரு சட்டமன்றமும் மனம் வைக்க வேண்டும். டெல்லிக்கு அந்தச் சாக்கு இல்லை. நாடாளுமன்றம் நினைத்தால் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த இரண்டு வரிகளைச் சேர்த்துவிடலாம். என் பணிக்காலம் முழுவதும் எனக்கு ஆதங்கமாகவே இருந்துவந்தது இது.

காவலர்கள் கேட்டு வாங்க முடியாதா? 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் சங்கம் சேரும் உரிமையைக் கட்டுப்படுத்துகிறது. 1967-இல் டெல்லிக் காவலர்கள் வீதிக்கு வந்து போராடினார்கள், பலர் வேலை இழந்தார்கள். அதன் பிறகு நீண்ட அமைதி. 2019 நவம்பரில் தீஸ் ஹஜாரி நீதிமன்றத்தில் வழக்கறிஞர்களோடு மோதல் நடந்த பிறகு, 5-ஆம் தேதி ஐ.டி.ஓ. பகுதியில் டெல்லி போலீஸின் பழைய தலைமையகத்தின் முன் காவலர்களும் குடும்பத்தினரும் மணிக்கணக்காக அமர்ந்ததை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அன்று கேட்ட குரல் அந்த ஒரு மோதலைப் பற்றியது மட்டுமல்ல என்பது என் எண்ணம். குறை சொல்ல இருக்கும் வழி சம்பர்க் சபா என்ற குறைகேட்புக் கூட்டம். அதிகாரி முன்னால் வரிசையில் நின்று பேச வேண்டும். நல்ல அதிகாரி வாய்த்தால் அதிலேயே பல விஷயங்கள் தீர்கின்றன. சிட்டா முன்ஷியைப் பற்றிய குறையை அவருடைய எதிரிலேயே சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? குறையைப் பெயரின்றிப் பதிவு செய்யவும், அதற்குக் குறித்த நாளுக்குள் பதில் வரவும் ஒரு வழி வேண்டும். இதற்குச் செலவும் அதிகமில்லை.

பெண்களைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. டெல்லி உள்ளிட்ட யூனியன் பிரதேசங்களில் கான்ஸ்டபிள் முதல் உதவி ஆய்வாளர் வரை நேரடி நியமனத்தில் 33 சதவீதம் பெண்களுக்கு என்று 2015 மார்ச்சில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. இலக்கு இன்னும் தொலைவில் இருக்கிறது. ஆளை எடுத்தால் மட்டும் போதாது, நிலையத்தில் அவர்களுக்குத் தனிக் கழிப்பறையும், இரவுப் பணி முடிந்து படுக்க ஓர் அறையும் இருக்க வேண்டும். முடியும் நேரம் தெரியாத வேலையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நீடிப்பது மிகக் கடினம். ஷிப்டு முறை வந்தால் முதலில் பயன் பெறுபவர்கள் அவர்கள்தான்.

எது உறுதி, எது சந்தேகம் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். நீண்ட பணி நேரம் இருக்கிறது, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை போதாது, பதவி ஏணி குறுகியது: இவை மூன்றும் ஆய்வுகளாலும் கோப்புகளாலும் உறுதியானவை. 8 மணி நேரப் பணி வந்தால் குற்றம் குறையுமா என்பது அப்படி உறுதியானதல்ல. களைத்தவன் எரிந்து விழுவான், அவசரத்தில் தவறாக எழுதுவான் என்பதால் பொதுமக்களிடம் நடத்தை மேம்படும் என்று நான் நம்புகிறேன், அது நம்பிக்கைதான். ஒரு லட்சம் பேருக்கு 222 போலீஸ் வேண்டும் என்று ஐ.நா. சொன்னதாக நாளிதழ்களில் அடிக்கடி வரும் எண்ணை வைத்து யாரும் வாதிட வேண்டாம். தூதரகங்களும் நாடாளுமன்றமும் ஊர்வலங்களும் நிறைந்த டெல்லிக்கும் ஒரு சிறு மாவட்டத்துக்கும் ஒரே விகிதம் பொருந்தவே பொருந்தாது. அமைப்பை மாற்றிப் பார்ப்பதாலும் உடனே பலன் வந்துவிடுவதில்லை. டெல்லியில் 2021-இல் அவசர அழைப்புக்கு ஓடும் பி.சி.ஆர். வேன்களை, அதாவது போலீஸ் கட்டுப்பாட்டு அறை வண்டிகளை, காவல் நிலையங்களோடு இணைத்தார்கள், ஆட்கள் கூடினால் ஷிப்டு எளிதாகும் என்பதும் அதற்கு ஒரு காரணம். பிறகு மீண்டும் பிரித்துவிட்டார்கள். இரண்டு முடிவுகளுக்கும் நியாயம் சொல்லலாம், எது சரி என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை.

கடைசியாக, சகோதரி, உங்கள் தம்பி இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உதவி ஆய்வாளர் நியமனத்தில் துறைக்குள் இருப்பவர்களுக்கென்று 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. குறைந்தது 3 ஆண்டு பணி முடித்த கான்ஸ்டபிள், ஹெட் கான்ஸ்டபிள், ஏ.எஸ்.ஐ. இதற்கு விண்ணப்பிக்கலாம். பட்டம் வேண்டும். வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 30, ஓ.பி.சி.க்கு 33, எஸ்.சி., எஸ்.டி.க்கு 35. தம்பிக்கு 29 என்கிறீர்கள். பொதுப் பிரிவு என்றால் ஒரு வாய்ப்புதான் மிச்சம், ஓ.பி.சி. என்றால் இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. மத்தியப் பட்டியலின்படி எடுத்த சாதிச் சான்றிதழ் தேவை, தமிழ்நாட்டுப் பட்டியலுக்கான சான்றிதழ் இங்கே செல்லாது. பட்டம் முடிக்கவில்லை என்றால் உங்கள் வீட்டுக்கு அருகிலேயே மைதான்கடியில் இக்னோ இருக்கிறது, அஞ்சல் வழியில் படிக்கலாம், அதற்கு 3 ஆண்டு பிடிக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஏற்கெனவே பட்டம் இருந்தால் அடுத்த அறிவிக்கை வந்தவுடன், வயதை எந்தத் தேதியின்படி கணக்கிடுகிறார்கள் என்ற வரியை முதலில் பாருங்கள். விதிகள் மாறக்கூடியவை என்பதால் நான் சொன்ன வரம்புகளையும் அதில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஏ லிஸ்ட் தேர்வுக்கும் கூடவே படிக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பாடங்கள் வேறு வேறுதான் என்றாலும் ஒன்றுக்காக மற்றதை விட வேண்டியதில்லை. தேர்வுக்கு முந்தைய வாரத்துக்கான ஈட்டிய விடுப்பை அறிவிக்கை வந்த அன்றே எழுத்தில் கேட்டு, டயரி எண், அதாவது அலுவலகப் பதிவு எண், போட்ட நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாய்மொழியாகக் கேட்ட விடுப்பை மறுப்பது எளிது, எண் விழுந்த விண்ணப்பத்தை மறுத்தால் காரணம் எழுத வேண்டியிருக்கும்.